பறக்கும் ரயிலும் கால்வாய்க் கரையும்: காத்திருந்தவர்களின் வரலாறு

"வண்டி மேலயே போவுமாம். நம்ம கீழ குந்திகினு அண்ணாந்து பாக்கலாமாம்."

எங்கள் சேரியில் ரயிலைப் பற்றிய பேச்சு இப்படித்தான் தொடங்கியது. 1995 நவம்பர் 1ஆம் தேதி சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை அந்த ரயில் ஓடத் தொடங்கியது. 1997 அக்டோபர் 19ஆம் தேதி திருமயிலை வரை நீண்டது. அரசாங்கத் தாள்களில் அதற்கு மாஸ் ரேபிட் டிரான்சிட் சிஸ்டம் என்று பெயர். எங்கள் சனம் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தூணின் மேலே போவதால் பறக்கும் ரயில், அவ்வளவுதான். 'மாஸ்' என்றால் வெகுமக்கள் என்பது பிறகு கல்லூரியில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வெகுமக்கள் கணக்கில் கால்வாய்க் கரைக்காரர்கள் உண்டா இல்லையா என்பதுதான் இந்தக் கட்டுரை எழுப்பும் கேள்வி.

ரயில் பாதைகளின் வரலாறு என்றால் அடிக்கல் நாட்டியவர் பெயர், கொடியசைத்தவர் பெயர், செலவான கோடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்குக் கீழே உட்கார்ந்து அதை எதிர்பார்த்திருந்தவர்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. சேரிக்காரன் என்றால் அவனுக்குப் பசி உண்டு, கோபம் உண்டு, குடி உண்டு என்று எழுதுவார்கள். ஆசை உண்டு என்று எழுத மாட்டார்கள். ஆகவே ஆசையிலிருந்தே தொடங்குகிறேன்.

1

மந்தைவெளிக்குத் தெற்கே கால்வாய்க் கரையில் எங்கள் சேரி இருந்தது. பெயர் வேண்டாம். இன்றைக்கு அந்தப் பெயரில் அங்கே எதுவும் இல்லை. 1997இல் எனக்குப் பத்து வயது. ரயில் திருமயிலைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அந்த வாரமே நைனா என்னையும் தம்பியையும் மீன்பாடி வண்டியில் உட்காரவைத்துக் காட்டக் கூட்டிப்போனார். நிலையம் கோட்டை மாதிரி நின்றது. உள்ளே போகப் பயந்துகொண்டு எதிர்ப் பக்கமே நின்றோம். ஒரு ரயில் வந்து நின்றது, திரும்பிப் போனது. நைனா வெற்றிலைச் சாறு ஒழுகச் சிரித்தார். "அடுத்தது நம்மூட்டாண்டதான்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பாதை திருமயிலையோடு நிற்கவில்லை. இரண்டாம் கட்டம் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், திருவான்மியூர் வழியாக வேளச்சேரி வரை என்று முடிவாகியிருந்தது. அளவெடுக்கிறவர்கள் வந்தார்கள். கரையில் முளைக்குச்சி அடித்தார்கள். சிவப்பு பெயிண்டில் குடிசைச் சுவர்களில் எண் எழுதினார்கள். அந்த எண்ணை எங்கள் சனம் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இடிப்பதற்கான எண் என்று யாருக்கும் தோன்றவில்லை. "நம்பர் போட்டுட்டான், இனிமே நம்ம கணக்குல வந்துட்டோம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். பட்டா இல்லாதவனுக்குச் சுவரில் ஒரு எண் விழுந்தாலே அது பட்டா மாதிரி.

ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. அம்மா அடையாறு பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்தது. காலையில் போக அரைமணி, வர அரைமணி நடை. ரயில் வந்தால் இன்னும் இரண்டு வீடு சேர்த்துப் பிடிக்கலாம் என்பது அதன் கணக்கு. ஆயா ஆப்பக்கடை போட்டிருந்தது. நிலையத்துப் படிக்கட்டுக்குக் கீழே ஓரமாக அடுப்பு வைத்துவிட்டால் காலை வியாபாரம் நிற்காது என்று அதற்கு நம்பிக்கை. நைனாவுக்கு லோடு கிடைக்கும் என்ற எண்ணம். பக்கத்து வீட்டு அண்ணன் ஐடிஐ முடித்திருந்தார். ரயில்வேயில் கலாசி வேலையாவது கிடைக்காதா என்று மனு எழுதி எழுதிப் போட்டார். பெண்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டது வேறு. டேசன் என்றால் கக்கூஸ் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்கும், ராத்திரியில் விளக்கு இருக்கும். இருட்டின பிறகு கால்வாய்க் கரைக்கு ஒதுங்கப் போகும் பெண்ணுக்கு ஒரு விளக்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாம் அறியாத சனத்தின் கனவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பெரிய நகரத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருக்கும் தூரம்தான் ஏழையின் கூலியைத் தின்கிறது. இது திட்டக்குழுக்காரர்கள் புத்தகத்தில் எழுதுவது. எங்கள் அம்மா விரல் மடக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னதும் இதே விஷயம்தான்.

2

கால்வாயை வைத்து ரயிலைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆயா ஒருத்திதான் சேரியில் ரயிலைக் கண்டு சிரிக்காதவள். "இந்தக் கால்வாய வெட்னதே எங்க பாட்டிங்க. தாது வருசத்துல. கஞ்சிக்கு வெட்னாங்க. வெட்னவங்களுக்கு இன்னா கெடச்சுது?" என்று கேட்கும். அதன் பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மண் சுமக்க வந்த குடும்பமாம். ஏடறிந்தவர்கள் இதைப் பாட்டி கதை என்பார்கள். எம்.ஏ. தமிழ் படிக்கும் காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வரலாற்று நூல்களைத் தேடிப் படித்தபோது ஆயா சொன்ன கதையும் அச்சான வரலாறும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

கால்வாயின் வடபகுதி பழையது. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது. அப்போது அதற்குக் காக்ரேன் கால்வாய் என்று பெயர். 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் துண்டு மட்டும் வெகுகாலம் இல்லாமலே கிடந்தது. அந்தத் துண்டு வெட்டப்பட்டது 1877-78இல். அதுதான் தாது வருஷப் பஞ்சத்தின் காலம். பஞ்ச நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரையே கால்வாய்க்கும் வைத்தார்கள்.

அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வைசிராய் லிட்டன் 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. மண் வெட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதோடு ஓரணா போதும் என்று நிர்ணயித்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுவதும் மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு இது உயிர் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வெள்ளைக்காரன் ஒருவனுக்கும் இன்னொரு வெள்ளைக்காரனுக்கும் நடந்த இந்த வாதம் ஏடுகளில் பத்திரமாக இருக்கிறது. எந்த வயிற்றைப் பற்றி வாதம் நடந்ததோ அந்த வயிற்றுக்காரனின் சொல் அதில் இல்லை. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்றும் அச்சாகின்றன. படத்திலிருப்பவர்களின் பெயரை யாரும் கேட்டெழுதவில்லை.

அவர்கள் யார்? பஞ்சம் முதலில் அடிப்பது நிலமில்லாதவனை. செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலமில்லாத படியாள், பண்ணையாள் என்றால் பெரும்பாலும் அது பறையர்தான். இது நம் ஆட்கள் மட்டும் சொல்வதல்ல. அந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி 1891இல் எழுதிய அறிக்கை இதைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதன் விளைவாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. கால்வாய் வெட்டி முடித்துப் பதினாலு வருஷம் கழித்து! வெட்டிய கைகளில் எத்தனைக்கு அந்த நிலம் போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததில் எவ்வளவு பிடுங்கப்பட்டது என்பது தனிக் கதை. அதில் பட்டணத்துக்கு வந்து தங்கிவிட்டவனுக்கு ஒரு செண்டும் இல்லை என்பது மட்டும் இங்கே போதும்.

3

பஞ்சம் தீர்ந்தது. கால்வாயில் படகு ஓடியது. ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை நீண்ட நீர்வழி அது. உப்பு வந்தது, தானியம் வந்தது, சவுக்கு விறகு வந்தது. சென்னையின் அடுப்பு எரிந்தது அந்த விறகில்தான். மூட்டை இறக்கியவர்கள், படகை இழுத்தவர்கள், கரையில் விறகு பிளந்தவர்கள் எல்லாரும் வேலை செய்த இடத்திலேயே குடிசை போட்டார்கள். வேறெங்கே போடுவது? மயிலாப்பூர் மாடவீதியில் இடம் கொடுத்திருப்பார்களா? ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்து வழக்கம். பட்டணத்தில் ஊருக்கு வெளியே என்று ஒரு திசை இல்லாததால் தண்ணீரோரம் சேரியானது. கூவக்கரை, அடையாற்றங்கரை, கால்வாய்க் கரை மூன்றும் அப்படித்தான்.

இந்தக் கரைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்பது வருவாய்த் துறைப் பொருள். ஆனால் இந்தச் சொல் தமிழில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். ஒரு மனிதனைப் பார்த்து "புறம்போக்கு" என்றால் அது வசவு. நிலத்துக்கு வைத்த பெயர் அந்த நிலத்தில் இருக்கிறவனுக்கு வசவாக மாறியிருக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு என்பது அதிலும் கீழ். ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் பட்டா கேட்க வழியில்லை.

1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. மறுவருஷம் அதற்கான சட்டம் வந்தது. அந்த முதல் காலத்தில் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது என்ற கொள்கை ஓரளவு நடந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கடற்கரையோரத்திலும் நகரின் நடுவிலும் இன்றைக்கும் நிற்கும் பழைய அடுக்குகள் அந்தக் காலத்தவை. கால்வாய்க் கரையில் அது பெரும்பாலும் நடக்கவில்லை. நீர்நிலை என்றார்கள். நீர்நிலையில் கட்டடம் கூடாது என்றார்கள்.

அந்த நீர்நிலையின் நடுவிலேதான் பிறகு தூண் எழுந்தது.

இந்த முரணை எங்கள் சேரியில் படிக்காத கிழவி வரை எல்லாரும் கவனித்தார்கள். பாதையைக் கால்வாய் வழியாகப் போட்டதற்குக் காரணம் எளிது. தனியார் நிலம் வாங்க வேண்டாம், மாடி வீட்டை இடிக்க வேண்டாம், கோர்ட்டுக்குப் போகிறவன் குறைவு. பட்டா இல்லாதவன் இருக்குமிடம்தான் அரசாங்கத்துக்கு மலிவான இடம். தூண்களும் நிலையங்களும் இறங்கிய பிறகு பல இடங்களில் கால்வாய் பாதி அகலத்துக்கும் கீழே சுருங்கியது. 2008இல் இதே பக்கிங்காம் கால்வாயை தேசிய நீர்வழி எண் 4இல் சேர்த்து அறிவித்தார்கள். நகரத்துக்குள் எந்தப் படகு அந்தத் தூண்களுக்கு நடுவே போகும் என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வடியாவிட்டால் பத்திரிகையில் முதல் பழி கரையோரக் குடிசைக்கு. ஓலைக் குடிசை தண்ணீரை மறித்ததாம், கான்கிரீட் தூண் மறிக்கவில்லையாம்!

4

இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதும் சேரியில் கொஞ்ச நாள் கூலி கிடைத்தது உண்மை. பைல் இறக்கும் இயந்திரம் ராத்திரியும் பகலும் இடித்தது. குழந்தைகள் தூக்கத்தில் திடுக்கிட்டன. ஆனாலும் யாரும் திட்டவில்லை. நைனா ஜல்லி சுமந்தார். அம்மாவுடைய தங்கச்சி, எங்கள் சின்னம்மா, சித்தாளாகப் போனது. மேஸ்திரி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தபிறகு இந்தக் கூலியும் நின்றது. அப்படியானாலும் எங்கள் ஆட்கள் கை வைத்த தூண் அந்த வரிசையில் நாலைந்து உண்டு. எந்தத் தூண் என்று நைனா கடைசி வரை அடையாளம் சொல்லுவார்.

பிறகு ஒரு நாள் சுவரில் எழுதிய எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தது. அதிகாரிகள் வந்து ஒரு காகிதம் நீட்டினார்கள். ஊருக்குத் தெற்கே புதிதாக வீடு கட்டியிருக்கிறது, கரண்டு உண்டு, தளம் போட்ட வீடு என்றார்கள். இப்படிச் சொல்லும்போது அவர்கள் குரலில் வஞ்சகம் இல்லை. அவர்களும் நம்பித்தான் சொன்னார்கள் என்று இப்போது தோன்றுகிறது. சிலர் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தவர்கள்தான் அதிகம். மூன்றாம் நாள் காலையில் லாரி வந்தது. பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் கணக்குப் பரீட்சை எழுதவில்லை. ஆயா ஆப்பச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இது எங்கள் ஒரு சேரியின் கதை மட்டும் அல்ல. 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கம். பறக்கும் ரயில் பாதைக்காகவும், சாலைகளுக்காகவும், ஆற்றங்கரைகளை அழகுபடுத்துவதற்காகவும் அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இறக்கப்பட்டன. பதினைந்தாயிரம் வீடுகளுக்கு மேல். அடுத்து செம்மஞ்சேரி, ஆறாயிரத்துக்கு மேல். அடுத்து பெரும்பாக்கத்து எட்டு மாடி அடுக்குகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை, கூவக்கரை மக்களை அங்கே கொண்டுபோனார்கள். ஒரு காலத்தில் ஊர், சேரி என்று பிரித்தார்கள். இப்போது பட்டணம், மறுகுடியமர்வு என்று பிரிக்கிறார்கள். அதற்குக் கண்ணகி என்று பெயர் வைத்ததில் ஒரு வேடிக்கை உண்டு. நீதி கேட்டு ஊரை எரித்தவள் பெயரில், நீதி கேட்க முடியாத தூரத்தில் ஓர் ஊர்.

அம்மாவின் நாலு வீட்டில் இரண்டு போனது. பஸ்ஸுக்குக் காத்திருந்து, மாறி, நின்றுகொண்டே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஆயாவின் ஆப்பத்துக்குப் புது இடத்தில் வாங்குவார் இல்லை. எல்லா வீட்டிலும் அதே பசி, யார் யாரிடம் வாங்குவது? நைனாவின் மீன்பாடி வண்டி துருப்பிடித்தது. ஐடிஐ அண்ணனுக்கு வேலைக்கான கடிதம் ஒருவேளை வந்திருந்தால் அது பழைய விலாசத்துக்கு வந்திருக்கும்.

2004 ஜனவரியில் ரயில் திருவான்மியூர் வரை ஓடியது. 2007 நவம்பரில் வேளச்சேரியைத் தொட்டது. அம்மா ஒரு தடவை அதில் ஏறியது, திருவான்மியூரிலிருந்து மந்தைவெளிக்கு. சன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டே வந்ததாம். "நம்ம வூடு இருந்த எடம் வந்துச்சி. ரெண்டு நிமிசங்கூட இல்ல, போய்ட்ச்சி" என்றது. நிலையங்களில் கூட்டம் இல்லை என்று பிறகு பல வருஷம் பத்திரிகைகள் எழுதின. பெரிய பெரிய கூடங்கள் காலியாகக் கிடந்தன, இருட்டிய பிறகு பெண்கள் போக அஞ்சினார்கள். ஏன் கூட்டமில்லை என்று நிபுணர்கள் பல காரணம் சொன்னார்கள். யார் அதில் தினமும் ஏறியிருப்பார்களோ அவர்களைத்தான் முதலில் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டீர்களே என்று எவரும் சொல்லவில்லை.

5

இங்கே கடல் தாண்டி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நாம் கறுப்பர் இலக்கியம் பேசுகிறோம், சிறுத்தை இயக்கம் பேசுகிறோம். கறுப்பர்களின் ரயில் நிறுத்தம் பற்றியும் பேசலாம்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்று ஒரு கறுப்பர் குடியிருப்பு இருந்தது. கோயில், கடை, சங்கம், பத்திரிகை எல்லாம் இருந்த இடம். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஐ-94 என்ற நெடுஞ்சாலையை அதன் நெஞ்சைப் பிளந்து போட்டார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட கறுப்பர் குடும்பங்கள் வீடிழந்தன. அந்தச் சாலைக்குக் கொஞ்சம் வடக்கே, பல்கலைக்கழக அவென்யூ வழியாக, இரண்டாயிரங்களில் இலகு ரயில் ஒன்றைத் திட்டமிட்டார்கள். செயின்ட் பாலையும் மினியாபொலிசையும் இணைக்கும் பாதை. மற்ற பகுதிகளில் நிறுத்தங்கள் நெருக்கமாக இருந்தன. கறுப்பர்களும் ஆசியாவிலிருந்து வந்த அகதிகளும் வாழும் பகுதியில் மட்டும் ஒரு மைலுக்கு ஒன்று. செலவுக்கும் பயணிகள் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதக் கணக்கு இடம் கொடுக்கவில்லை என்றார்கள். ரயில் எங்கள் மேல் போகும், எங்களிடம் நிற்காதா என்று அந்த மக்கள் கேட்டார்கள். ரோண்டோவை மறக்காதவர்கள் கேட்ட கேள்வி அது. ரயில் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுத்தம் வேண்டும் என்றார்கள். கோயில்கள், சங்கங்கள், கடைக்காரர்கள் சேர்ந்து கூட்டமைப்பாக நின்றார்கள். 2010 ஜனவரியில் மத்திய அரசாங்கம் அந்த விகிதக் கணக்கு விதியையே தளர்த்தியது. ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் என்று மூன்று நிறுத்தங்கள் சேர்ந்தன. 2014 ஜூன் 14ஆம் தேதி பச்சைப் பாதை என்ற பெயரில் ரயில் ஓடத் தொடங்கியபோது அது அந்த மூன்றிலும் நின்றது.

வாடகை ஏறுமே, பழைய குடிகள் தங்குவார்களா என்ற கவலை அவர்களுக்கும் தீரவில்லை. ஆனாலும் ஒன்றை அவர்கள் சாதித்தார்கள். எதிர்பார்ப்பைக் கோரிக்கையாக மாற்றினார்கள். சென்னையிலும் பாருங்கள். முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்தில் ரயில் நின்றது 2014இல்தான். 1997 முதல் அந்த இடத்தைத் தாண்டித்தான் ரயில் போய்க்கொண்டிருந்தது. பதினாறு, பதினேழு வருஷம் கழித்தும் ஒரு நிறுத்தத்தைச் சேர்க்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. முடியாது என்று ஒன்று இல்லை. யாருக்காக முடியும் என்பதுதான்.

6

இப்போது கண்ணகி நகரில் மறுபடி ரயில் பேச்சு நடக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகத் தூண் நிற்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது தடம், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல். அது திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, அடையாறு, திருவான்மியூர் வழியாக வந்து ஒக்கியம் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி என்று போகிறது. எங்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்களே, ஏறக்குறைய அதே வழி. துரைப்பாக்கத்தில் ஏறி மந்தைவெளியில் இறங்கலாம்.

போன வருஷம் குடியிருப்பில் ஒரு கூட்டம் போட்டோம். நான் எழுந்து, பறக்கும் ரயில் வந்தபோது என்ன நடந்தது தெரியுமா, இந்தத் தூணைப் பார்த்தும் ஏமாறப் போகிறோமா, நில மதிப்பு ஏறினால் இங்கிருந்தும் தள்ளுவான் என்றெல்லாம் பேசினேன். இளைஞர்கள் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என்னிடம் வந்தது. அறுபது வயதிருக்கும். இன்னமும் மயிலாப்பூரில் வீட்டு வேலைக்குப் போகிற அக்கா. "நீ சொல்றது கரீட்டுதாம்மா. ஆனா நான் டெய்லி காலீல நாலர மணிக்கு எழுந்துக்கினு போறேன். ஒரு வண்டி வந்தா ஆறு மணிக்கு எழுந்துக்கலாம். அத்த ஆசப்படக் கூடாதுன்னு நீ சொல்றியா?" என்று கேட்டது.

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஏமாந்த கதையைச் சொல்லிச் சொல்லி நம் சனத்தின் ஆசையையே குற்றமாக்கிவிட்டேனோ என்று தோன்றியது. ஏமாற்றியவன் வேறு ஒருவன் இருக்க, ஆசைப்பட்டவளைப் பார்த்து ஏன் ஆசைப்பட்டாய் என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

தாது வருஷத்தில் மண் சுமந்தவர்கள் கஞ்சிக்காகத்தான் சுமந்தார்கள், உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் ஓடினால் நமக்கும் ஏதோ கிடைக்கும் என்று ஒருத்தியாவது நினைத்திருப்பாள். தொண்ணூறுகளில் ஜல்லி சுமந்த நைனா நினைத்தார். இன்றைக்கு அந்த அக்கா நினைக்கிறது. மூன்று தலைமுறையிலும் ஆசையில் தவறு இல்லை. ஆசையைத் தனித்தனியாக வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டதுதான் தவறு. என் அம்மா இரண்டு வீடு அதிகம் பிடிக்கலாம் என்று தன் மனசுக்குள் போட்ட கணக்கை, முன்னூறு அம்மாக்கள் சேர்ந்து ஒரு மனுவாக எழுதி, எங்களை வைத்துக்கொண்டு ரயில் விடு என்று கேட்டிருந்தால்? கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் கேட்டதற்கு ஒரு ஏடு இருந்திருக்கும். தாது வருஷத்தில் இல்லாமல் போன அந்த நம் சொல் இருந்திருக்கும்.

ஆகவே மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை நான் பேசவில்லை, எழுதிக்கொண்டேன். அவர்கள் சொன்னது இது. நிலையத்திலிருந்து குடியிருப்பின் உள்ளே வரை சிறு பஸ் வர வேண்டும், முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும். 2021 மே மாதம் முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மெட்ரோவில் அது இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அங்கேயும் வேண்டும். மெட்ரோவுக்குக் கூட்டம் போகிறது என்று சொல்லி இருக்கிற பஸ்ஸைக் குறைக்கக் கூடாது. நிலையத்தில் நம் பிள்ளைகளுக்கு வேலை என்றால் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்தக் கூலி மட்டும் என்று இருக்கக் கூடாது. படித்த பிள்ளைக்குப் படித்த வேலை வேண்டும். நிலையத்து ஓரத்தில் கடை போட இருக்கிற பெண்களுக்கே முதலில் இடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதை பெயரைச் சொல்லி இனி ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. குடியிருக்கும் வீடு அவரவர் பெயரில் எழுதப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை அந்த அக்காதான் சொன்னது. மனுவில் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது, பிறகு சேர்த்தோம். மந்தைவெளி நிலையத்திலோ திருமயிலை நிலையத்திலோ ஒரு கல் வைக்க வேண்டும். இந்தக் கால்வாயைத் தாது வருஷத்தில் கஞ்சிக்கு வெட்டியவர்கள் யார், இந்தக் கரையிலிருந்து ரயிலுக்காக அகற்றப்பட்டவர்கள் யார் என்று அதில் இருக்க வேண்டும். பக்கிங்காம் கோமகனுக்கு ஒரு முழுக் கால்வாயின் பெயரே இருக்கிறதே, நமக்கு ஒரு கல் இருந்தால் என்ன?

மனுவில் இதுவரை நானூற்று இருபது கையெழுத்து சேர்ந்திருக்கிறது. கைநாட்டு குறைவு. முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. முதியோர் வகுப்பில் எழுதப் பழகிய கையெழுத்து.